கூட்டலா, பெருக்கலா, முறுக்கலா: இரண்டு வெளிகளைச் சேர்க்க எதைத் தேர்ந்தெடுப்பது?

எம்.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு குழப்பம் மாணவர்களிடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையில் இரண்டு வெக்டர் வெளிகள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் வட்டத்துக்குள் கூட்டல் குறி இருக்கிறது, அடுத்த பக்கத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி. குலங்களை (groups) பற்றிய அத்தியாயத்துக்குப் போனால் வெறும் பெருக்கல் குறி, கொஞ்சம் தள்ளி அதன் பக்கவாட்டில் ஒரு கோடு சேர்ந்த இன்னொரு குறி. எதை எப்போது போடுவது என்பதை ஒரே இடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. பாளையங்கோட்டையில் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஒரு விஷயம் தெளிந்துவிட்டால் குவாண்டம் இயக்கவியலில் பாதி பயம் போய்விடும்.

வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது: "சார், ரெண்டு எலெக்ட்ரானோட ஸ்பின்னைக் கூட்டுனாலும் நாலு, பெருக்குனாலும் நாலுதானே சார். அப்போ எதைப் போட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். ஓர் எலெக்ட்ரானின் ஸ்பின் வெளிக்குப் பரிமாணம் 2. நேர்க்கூட்டலில் (⊕) பரிமாணங்கள் கூடும், டென்சர் பெருக்கலில் (⊗) பெருகும். 2 + 2 = 4, 2 × 2 = 4. கூட்டினாலும் பெருக்கினாலும் ஒரே விடை வரும் நேர்ம முழு எண் ஜோடி 2, 2 மட்டுமே. பாடப்புத்தகங்கள் முதல் உதாரணமாகக் கையில் எடுப்பதும் இதைத்தான். அதனால் இந்த ஜோடியை ஓரமாக வைத்துவிட்டு, நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே வேறோர் உதாரணத்தோடு தொடங்குகிறேன்.

26 எண்களா, 160 எண்களா

பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை நம்பி நிற்பவை அவை. அங்கே காற்றை அளப்பவர்களுக்கு இரண்டு விவரங்கள் வேண்டும்: எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, எவ்வளவு வேகம். திசையை 16 பங்காகவும் வேகத்தை 10 பங்காகவும் பிரித்துக்கொள்வோம்.

மாத அறிக்கையை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, திசைக்குத் தனி அட்டவணை, வேகத்துக்குத் தனி அட்டவணை. திசைக்கு 16 எண்கள், வேகத்துக்கு 10 எண்கள், மொத்தம் 26. இதுதான் நேர்க்கூட்டல். ஒரு கட்டத்தைத் தொட்டுக் கேட்டால், அது திசையைப் பற்றிப் பேசும், அல்லது வேகத்தைப் பற்றிப் பேசும். இரண்டையும் சேர்த்துப் பேசாது.

இன்னொரு விதம், குறுக்கும் நெடுக்குமாக ஒரே அட்டவணை. மேற்குத் திசையில் இன்ன வேகத்தில் எத்தனை மணி நேரம், வடகிழக்கில் இன்ன வேகத்தில் எத்தனை மணி நேரம் என்று 160 கட்டங்கள். இது டென்சர் பெருக்கல். ஒவ்வொரு கட்டமும் "இந்தத் திசை, கூடவே இந்த வேகம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

ஆக, தேர்வு செய்ய முதல் கேள்வி இதுதான்: இரண்டு பகுதிகளுக்கும் நடுவே இருப்பது "அல்லது" என்ற உறவா, "கூடவே" என்ற உறவா? "அல்லது" என்றால் கூட்டல். "கூடவே" என்றால் பெருக்கல். கணித மொழியில் சொன்னால், இரண்டு கணங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து, அந்த மொத்தத்தின் மேல் சார்புகளை எழுதினால் சார்பு வெளிகள் நேராகக் கூடும். இரண்டு கணங்களின் கார்ட்டீசியன் பெருக்கலின் மேல் சார்புகளை எழுதினால் சார்பு வெளிகள் டென்சராகப் பெருகும். முடிவிலா பரிமாணம் வரும்போது வெளியை நிறைவுபடுத்தும் வேலை ஒன்று கூடுதலாக இருக்கிறது, அது வேறு. அடிப்படை மாறாது.

இந்தப் பார்வை இருந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். பழைய இயக்கவியலில் இரண்டு துகள்கள் என்றால் ஒன்றுக்கு 6 எண்கள் (இடத்துக்கு 3, உந்தத்துக்கு 3), மற்றதற்கு 6 எண்கள், மொத்தம் 12. அங்கே கூட்டல்தானே வந்தது, குவாண்டத்தில் மட்டும் ஏன் பெருக்கல் என்று கேட்பார்கள். இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே சேர்க்கைதான். பழைய இயக்கவியலில் நிலை என்பது வெளியில் ஒரு புள்ளி. குவாண்டத்தில் நிலை என்பது வெளியின் மேல் ஒரு சார்பு. புள்ளிகள் ஜோடி சேரும்போது ஆயங்களின் எண்ணிக்கை கூடுகிறது, சார்புகளின் வெளியோ பெருகுகிறது. அந்தப் பெருக்கம் சாதாரணமானதல்ல. க்யூபிட் என்பது இரண்டு பரிமாண நிலை வெளி கொண்ட குவாண்டம் அமைப்பு. 50 க்யூபிட்களைக் கூட்டினால் 100 பரிமாணம். பெருக்கினால் 2-இன் 50ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 1.13 × 10¹⁵. ஓர் எண்ணுக்கு 16 பைட் என்று வைத்தாலும் அந்த நிலையை எழுதி வைக்கவே சுமார் 18 பெட்டாபைட் நினைவகம் வேண்டும்.

காற்று அட்டவணைக்கே திரும்புவோம், அதில் இன்னும் சரக்கு இருக்கிறது. 26 எண்களை வைத்துக்கொண்டு 160 கட்டங்களையும் நிரப்ப முடியுமா? திசைக்கான பங்கையும் வேகத்துக்கான பங்கையும் பெருக்கிப் போட்டால் நிரப்பலாம். ஆனால் நிஜத் தரவு அப்படி வராது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று பலமானது. ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வருவது அந்த அளவுக்கு இல்லை. திசை தெரிந்தால் வேகத்தைப் பற்றியும் ஓரளவு தெரிந்துவிடுகிறது. அதனால் அந்த அட்டவணையை ஒரு நெடுவரிசை, ஒரு கிடைவரிசை இரண்டின் பெருக்கலாக எழுத முடியாது. அப்படிப்பட்ட பல பெருக்கல்களின் கூட்டலாகத்தான் எழுத முடியும். குறைந்தது எத்தனை பெருக்கல்கள் வேண்டும் என்பதை எஸ்.வி.டி. (singular value decomposition) என்ற கணக்கு சொல்லும். லேப்டாப்பில் ஒரே வரிக் கட்டளை. இதே கணக்கை இரண்டு குவாண்டம் அமைப்புகளின் கூட்டு நிலைக்குச் செய்தால் அதற்கு ஷ்மிட் பிரிப்பு என்று பெயர். ஒன்றுக்கு மேல் பெருக்கல்கள் தேவைப்பட்டால் அந்த நிலை பின்னலுற்ற (entangled) நிலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. காற்றின் திசையும் வேகமும் பின்னிக் கிடக்கின்றன என்பதால் அங்கே குவாண்டம் பின்னல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இயற்கணிதம் ஒன்று, இயற்பியல் வேறு. காற்று அட்டவணையில் இருப்பவை நிகழ்தகவுகள், குவாண்டத்தில் இருப்பவை குறியும் கட்டமும் (phase) கொண்ட வீச்சுகள். பழைய வகைத் தொடர்புகள் எதுவும் தாண்ட முடியாத ஒரு வரம்பை 1964இல் ஜான் பெல் எழுதினார். பின்னலுற்ற ஃபோட்டான்கள் அந்த வரம்பைத் தாண்டுகின்றன என்று சோதனையில் காட்டியதற்காகத்தான் 2022இல் அலைன் அஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நேர்க்கூட்டலை எடுத்திருந்தால் பின்னல் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

சோடியம் விளக்கு சொல்லும் சாட்சி

"கூடவே" என்ற சொல்லை நம்பிப் பெருக்கிவிட்டோம். அது சரிதான் என்று எப்படித் தெரியும்? சாட்சி நம் ஆய்வுக்கூட இருட்டறையிலேயே இருக்கிறது.

சோடியம் வேப்பர் விளக்கைப் போட்டதும் முதலில் இளஞ்சிவப்பாகத்தான் எரியும், அது உள்ளே இருக்கும் நியான். சோடியம் சூடாகி ஆவியான பிறகுதான் அந்த மஞ்சள் வரும். அங்குலத்துக்கு 15,000 கோடுகள் உள்ள கிரேட்டிங்கை ஸ்பெக்ட்ரோமீட்டர் மேடையில் நிறுத்தி, தொலைநோக்கியைத் திருப்புங்கள். முதல் வரிசையில் ஒரே மஞ்சள் கோடு போலத் தெரியும். பிளவைக் குறுக்கி உற்றுப் பார்த்தால்தான் இரண்டு. இரண்டாம் வரிசைக்கு, சுமார் 44 பாகைக்குப் போனால் ஒளி மங்கும், ஆனால் 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டு கோடுகளும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். முதல் வரிசையில் அவற்றுக்கு இடையே ஒரு மினிட்டுக்கு (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சற்று மேல், இரண்டாம் வரிசையில் மூன்று மினிட்டுக்கு மேல். வெர்னியரில் ஒரு மினிட் வரை படிக்கலாம் என்பதால் இந்த வித்தியாசத்தை மாணவர்களே அளந்துவிட முடியும்.

ஏன் இரண்டு கோடுகள்? கிளர்ந்த எலெக்ட்ரானின் சுற்றுப்பாதைக் கோண உந்தம் 1, அதன் வெளிக்குப் பரிமாணம் 3. ஸ்பின் வெளிக்குப் பரிமாணம் 2. கூட்டினால் 5 நிலைகள், பெருக்கினால் 6. இங்கே 2, 2 செய்த மாயம் நடக்காது, இரண்டு விடையும் வேறு வேறு. இயற்கை தருவது 6. அந்த ஆறும் மொத்தக் கோண உந்தத்தின்படி நான்காகவும் இரண்டாகவும் பிரிகின்றன:

2 ⊗ 3 = 4 ⊕ 2

நான்கு நிலைகள் கொண்ட மட்டத்திலிருந்து கீழே இறங்கினால் ஒரு மஞ்சள், இரண்டு நிலைகள் கொண்ட மட்டத்திலிருந்து இறங்கினால் இன்னொரு மஞ்சள். மெல்லிய காந்தப்புலத்தில் வைத்தால் 589.0 கோடு ஆறாகவும் 589.6 கோடு நான்காகவும் உடைவதும் இதே எண்ணிக்கையிலிருந்து வருவதுதான்.

இந்தச் சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் இரண்டு குறிகள் இருப்பதைக் கவனியுங்கள். இடப்பக்கம் உள்ள பெருக்கல், சேர்க்கும் வேலை. வலப்பக்கம் உள்ள கூட்டல், சேர்த்ததைச் சமச்சீரின் கண்ணால் பிரித்துப் பார்க்கும் வேலை. மாணவர்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நினைக்கிறார்கள். பல கணக்குகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. இரண்டு எலெக்ட்ரான் ஸ்பின்களும் அப்படித்தான்: 2 ⊗ 2 = 3 ⊕ 1.

துகள்களின் எண்ணிக்கையே நிச்சயமில்லை என்றால் இரண்டும் ஒருசேர வேண்டும். அந்த மஞ்சள் ஒளியில் இந்தக் கணம் எத்தனை ஃபோட்டான்கள்? ஒன்றுமில்லை, அல்லது ஒன்று, அல்லது இரண்டு, அல்லது மூன்று. "அல்லது" வந்துவிட்டதால் வெளியே கூட்டல். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் உள்ளே ஒரு ஃபோட்டானும் கூடவே இன்னொன்றும் என்பதால் பெருக்கல். ஃபோட்டான்கள் ஒன்றுக்கொன்று அடையாளம் பிரிக்க முடியாதவை என்பதால், பெருக்கலில் சமச்சீரான பகுதியை மட்டும் எடுக்கிறோம். விளாதிமிர் ஃபோக் 1932இல் கொடுத்த வெளி இதுதான். எலெக்ட்ரான்கள் என்றால் எதிர்ச்சமச்சீரான பகுதி. சேர்க்கும் முறையைப் பிசகாமல் தேர்ந்தெடுத்தால் இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பவுலியின் விலக்கு விதி தானாக வந்து விழுகிறது, தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டு நான்குகள்

ஓரமாக வைத்த 2, 2-ஐ இப்போது எடுக்கலாம். இந்த ஒப்பீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சார்பியலில் ஸ்பின் ½ துகள்களை விவரிக்கும், இரண்டு பரிமாணம் கொண்ட ஸ்பினர்கள் இரண்டு வகை: இடக்கை, வலக்கை. இரண்டையும் நேராகக் கூட்டினால் நான்கு பரிமாணம். அது 1928இல் டிராக் எழுதிய சமன்பாட்டில் வரும் எலெக்ட்ரானின் ஸ்பினர். அதே இரண்டையும் டென்சராகப் பெருக்கினாலும் நான்கு பரிமாணம். அது ஸ்பினரே அல்ல, நான்கு-வெக்டர். காலமும் இடமும் சேர்ந்த ஆயங்கள், மின்காந்த அழுத்தம் (potential) எல்லாம் அந்த வகை.

எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 360 பாகை சுற்றிக் காட்டுங்கள். கூட்டிக் கிடைத்ததில் ஒவ்வொரு பகுதியும் குறி மாறும், அதனால் முழுதும் குறி மாறும். பெருக்கிக் கிடைத்ததில் இரண்டு குறி மாற்றங்களும் ஒன்றையொன்று அடித்துவிடும், வெக்டர் பழையபடியே வந்து நிற்கும். ஒரே இரண்டு வெளிகள். சேர்த்த விதத்தில் ஒன்றிலிருந்து எலெக்ட்ரானும் மற்றொன்றிலிருந்து ஒளியை விவரிக்கும் அழுத்தமும் வருகின்றன. "எதைப் போட்டா என்ன" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஆகவே பரிமாணத்தை எண்ணுவது முதல் சோதனை மட்டும்தான். இரண்டாவது சோதனை, ஒரு சுழற்சியையோ வேறு சமச்சீரையோ செலுத்தி, சேர்த்த வெளி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது.

குலங்களைச் சேர்க்கும்போது

சமச்சீர்க் குலங்களுக்கு வந்தால் கேள்வி மாறுகிறது. இங்கே கேட்க வேண்டியது: ஒரு பகுதி மற்றதைத் தொடுகிறதா, அல்லது இரண்டும் தத்தம் வேலையைத் தனியாகப் பார்க்கின்றனவா?

மார்கழியில் வாசலில் போடும் சதுரக் கோலம் ஒன்றை எடுங்கள். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று சுற்றலாம், சும்மாவும் விடலாம். ஆக நான்கு சுழற்சிகள். இடவலமாகக் கவிழ்ப்பது, கவிழ்க்காமல் விடுவது என்று இரண்டு. மொத்தம் 8. இதை நேர்ப்பெருக்கல் என்று எழுதினால் எண்ணிக்கை சரியாகத்தான் வரும், ஆனால் தப்பு. நேர்ப்பெருக்கலில் சுற்றிவிட்டுக் கவிழ்த்தாலும், கவிழ்த்துவிட்டுச் சுற்றினாலும் ஒன்றுதான். கோலத்தின் ஒரு மூலையில் மட்டும் பூசணிப்பூ வைத்துச் செய்து பாருங்கள், பூ வேறு வேறு மூலைக்குப் போய்ச் சேரும். கவிழ்த்தல் சுழற்சியின் போக்கையே திருப்பிவிடுகிறது. ஒன்று மற்றதன்மேல் செயல்படுவதால் இது அரைநேர்ப் பெருக்கல்.

நம் இடவெளியின் சமச்சீரும் இதே கதைதான். பத்து அடி நேரே நடந்துவிட்டு இடப்பக்கம் திரும்புவதும், திரும்பிவிட்டுப் பத்து அடி நடப்பதும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடாது. சுழற்சி, இடப்பெயர்ச்சியின் திசையை மாற்றுகிறது. சார்பியலின் பாய்ன்கரே குலமும் அரைநேர்ப் பெருக்கல்: இடப்பெயர்ச்சிகள் 4, சுழற்சிகளும் வேகமாற்றங்களும் சேர்ந்து 6, மொத்தம் 10 பரிமாணம். இந்த அமைப்பிலிருந்துதான் 1939இல் யூஜின் விக்னர், துகள் என்பது நிறையாலும் ஸ்பின்னாலும் அடையாளம் காணப்படுவது என்று காட்டினார். இங்கே நேர்ப்பெருக்கலை எடுத்திருந்தால், சுழற்சி உந்தத்தைத் தொடவே தொடாது. அது நம் உலகம் அல்ல.

அப்படியானால் எப்போதும் அரைநேர்ப் பெருக்கலே பாதுகாப்பானதா? அதுவும் இல்லை. அடிப்படைத் துகள்களின் கோட்பாடான ஸ்டாண்டர்டு மாடலில் எஸ்யூ(3), எஸ்யூ(2), யூ(1) மூன்றும் நேர்ப்பெருக்கலாகச் சேர்கின்றன. 8 + 3 + 1 = 12, அதாவது 8 குளுவான்கள், டபிள்யூ இரண்டு, இசட், ஃபோட்டான். வண்ணச் சமச்சீர் மென்விசைச் சமச்சீரைத் தொடுவதில்லை. இந்த உட்சமச்சீர்களும் பாய்ன்கரே குலமும் சேர்வதுகூட நேர்ப்பெருக்கலாகத்தான் இருக்க முடியும் என்று, சில நியாயமான நிபந்தனைகளின் கீழ், 1967இல் கோல்மன், மண்டுலா இருவரும் நிரூபித்தார்கள். அதைத் தாண்ட இருந்த ஒரு சந்து மீசமச்சீர் (supersymmetry). குலம் என்ற சட்டகத்தையே கொஞ்சம் விரித்தால்தான் அதுவும் கிடைக்கும்.

இதில் குறிகளின் ஒரு தொல்லை உண்டு, நெட் தேர்வுக்குப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குலங்கள் நேராகப் பெருகும்போது அவற்றின் மிகச் சிறு மாற்றங்களை விவரிக்கும் லீ இயற்கணிதங்கள் நேராகக் கூடும், அவை செயல்படும் நிலை வெளிகளோ டென்சராகப் பெருகும். ஒரே சேர்க்கைக்கு மூன்று தளத்தில் மூன்று குறிகள். இடக்கைக் குவார்க்குக்கு வண்ணம் 3, மென்விசை இரட்டை 2, ஆக 6 நிலைகள். இயற்கணிதத்திலோ 8-உம் 3-உம் கூடி நிற்கும். எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் குறியைப் போடுங்கள்.

ஒட்ட வேண்டிய இடங்கள்

காற்றின் திசையை 0 முதல் 360 வரை ஒரு நேர்கோடாக எடுத்தால், 350 பாகையில் வந்த வாடைக்கும் 10 பாகையில் வந்த வாடைக்கும் சராசரி 180 என்று வரும். வடக்குக் காற்று தெற்குக் காற்றாகிவிடும். கோட்டின் இரண்டு முனைகளையும் ஒட்டி வட்டமாக்க வேண்டும். காற்றே இல்லாதபோது திசை என்ற ஒன்று கிடையாது, அதனால் வேகம் பூஜ்யமான இடத்தில் அந்த முழு வட்டத்தையும் ஒரே புள்ளியாகச் சுருக்க வேண்டும். அப்போது உருளை மாறித் தளமாகிறது. வானிலைக்காரர்கள் காற்றுப் படத்தின் நடுவில் அமைதி நேரத்தைத் தனியாக எழுதுவது இதைத்தான். பெருக்கிய பிறகு ஒட்ட வேண்டிய இடம் இருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வேலை, தவறாமல் செய்ய வேண்டிய வேலை.

முறுக்கிய சேர்க்கை

இதுவரை சொன்னவற்றில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் சேர்த்தோம். ஒவ்வொரு சிறு பகுதியிலும் பெருக்கலாகவே தெரிந்து, முழுதாகப் பார்க்கும்போது பெருக்கலாக இல்லாத சேர்க்கை ஒன்று உண்டு. அதுதான் ஃபைபர் பண்டில்.

இடத்தையும் காலத்தையும் சேர்ப்பதை வைத்தே பார்க்கலாம். இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்திருப்பவருக்கு, தலைமாட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் காலையிலும் அதே இடத்தில் இருக்கிறது. கோவில்பட்டி நடைமேடையில் நிற்பவருக்கு அது ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறது. யார் சொல்வது சரி? காலம் × இடம் என்று நேராகப் பெருக்கினால், "நேற்று இருந்த அதே இடம்" என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் அர்த்தம் இருந்தாக வேண்டும். அது அரிஸ்டாட்டிலின் உலகம். கலிலியோவின் உலகில் ஒவ்வொரு கணத்துக்கும் ஓர் இடவெளி உண்டு, ஆனால் ஒரு கணத்தின் இடவெளியை அடுத்த கணத்தின் இடவெளியோடு பொருத்திக் காட்ட, தனி உரிமை பெற்ற முறை எதுவும் இல்லை. அது காலத்தின் மேல் கட்டிய பண்டில். 1908இல் மின்கோவ்ஸ்கி வந்து, காலம் என்ற அடித்தளமே பொதுவானதல்ல என்று இரண்டையும் ஒரே வெளியாக்கினார். மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வெறும் ரசனை விஷயம் இல்லை. எந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு என்பதையே அது தீர்மானிக்கிறது.

முறுக்கு இரண்டு வகை. ஒன்று, எப்படித் தேய்த்தாலும் போகாதது. கோளத்தின் மேல் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தொடுதளம் இருக்கிறது. அவற்றைக் கோளம் × தளம் என்று எழுத முடியாது. எழுத முடிந்தால் எங்கும் பூஜ்யமாகாத ஒரு திசைப்புலத்தைக் கோளம் முழுக்க வரைய முடியும். அது நடக்காது என்று 1912இல் ப்ரௌவர் நிரூபித்தார். காந்த ஊசியைக் கேளுங்கள். திருநெல்வேலி காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே பூமியின் புலம் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது. அதனால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. நமக்குக் கிடைத்த இந்தப் படுக்கைப் புலம் பூமி முழுக்கக் கிடைக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் கிடைக்கூறு பூஜ்யமாகியே தீர வேண்டும், காந்த துருவங்களில் அப்படித்தான் ஆகிறது.

இரண்டாவது வகை, ஒரு சுற்று சுற்றி வந்தால் வெளிப்படும் வளைவு. 1851இல் பாரிஸில் ஃபூக்கோ தொங்கவிட்ட ஊசல், தரையைப் பொறுத்து ஒரு நாளில் சுமார் 271 பாகை திரும்பும். அதே ஊசலைப் பாளையங்கோட்டையில் தொங்கவிட்டால், நம் அட்சரேகை 8.7 பாகை என்பதால், ஒரு நாளில் சுமார் 55 பாகைதான். மணிக்கு 2.3 பாகை. கண்ணால் பார்க்கப் பொறுமை வேண்டும், ஆனால் திரும்பும். பூமியோடு சேர்ந்து அட்சரேகை வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்த தொடுதளம், பழைய திசையோடு வந்து பொருந்தவில்லை என்பதுதான் அந்த 55 பாகை.

இந்த வகை வேண்டுமா என்று எப்படி முடிவெடுப்பது? மூடிய பாதை ஒன்றில் சுற்றி வர நேரும் கணக்கா என்று பாருங்கள். ஓர் ஆய்வுக்கூட மேசைக்குள் முடியும் வேலைக்கு எந்தப் பண்டிலும் சாதாரணப் பெருக்கல்தான், அங்கே இந்த மொழியைக் கொண்டுவருவது வீண் சிரமம். ப்ராஜெக்ட் அறிக்கையில் பெரிய சொல்லாக இருக்கட்டும் என்று பண்டிலைக் கொண்டுவருவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஆனால் சுற்று ஒன்று வந்துவிட்டால், கட்டம் மிச்சப்படும் வாய்ப்பு வந்துவிட்டால், பெருக்கல் போதாது.

ஒரு க்யூபிட்டே அதற்குப் போதுமான உதாரணம். நீளம் 1 உள்ள நிலைகள் சேர்ந்து முப்பரிமாணக் கோளம் ஒன்று ஆகின்றன, நான்கு பரிமாண வெளியில் இருக்கும் கோளம். கட்டத்தை நீக்கினால் கிடைப்பது வழக்கமான ப்ளாக் கோளம். அந்தக் கட்டம் ஒரு வட்டம். ஆக ப்ளாக் கோளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் ஒரு வட்டம் நிற்கிறது. ஆனால் மொத்தம், கோளம் × வட்டம் அல்ல. 1931இல் ஹைன்ஸ் ஹாஃப் கண்டது இந்த முறுக்கைத்தான். அதே ஆண்டு டிராக், காந்த ஒற்றைத்துருவம் ஒன்று எங்காவது இருந்தால் மின்னூட்டம் முழு எண் மடங்குகளாகத்தான் வர வேண்டும் என்று காட்டினார். இரண்டும் ஒரே கட்டமைப்பு என்பது 1975இல் வூ, யாங் எழுதிய பிறகு இயற்பியலாளர்களுக்குப் பரவலாகப் புரிந்தது. முழு எண் எங்கிருந்து வருகிறது? வட்டங்களைக் கோளத்தின் மேல் முறுக்கிக் கட்டும்போது அரை முறுக்கில் நிறுத்த முடியாது, கடைசியில் முனைகள் பொருந்தியாக வேண்டும். ஒற்றைத்துருவம் இன்றுவரை யார் கையிலும் சிக்கவில்லை. க்யூபிட்டின் முறுக்கோ ஆய்வுக்கூடங்களில் தினமும் அளக்கப்படுகிறது: ப்ளாக் கோளத்தில் ஒரு மூடிய பாதையில் நிலையைச் சுற்றிக் கொண்டுவந்தால், அந்தப் பாதை அடைக்கும் திண்மக் கோணத்தில் பாதி, கட்டமாக வந்து சேர்கிறது.